ஒரு மண்டலம் போய்ப் பார்த்த சாதக அறை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருப்பீர்கள். பாட்டுச் சாதகம், அதாவது பயிற்சி, பண்ண அறை வாடகை மணிக்கு 50 ரூபாய். மாதம் முழுக்க ஒரே நேரத்தை எடுத்துக்கொண்டால் 900, கல்லூரி அடையாள அட்டை காட்டினால் 700. காலை 5 மணி முதல் 9 வரை, சாயங்காலம் 4 முதல் 8 வரை. ஞாயிற்றுக்கிழமை உண்டு, அமாவாசை கிடையாது (நடத்துகிற அக்காவிடம் ஏன் என்று கேட்டேன், "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றார், அவ்வளவுதான்). மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் முதல் மாடி. பெயர்ப் பலகை இல்லை. "எழுதிக் கூட்டம் சேத்துடாதீங்க, நாலே ரூம்தான்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் சந்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சுருதிப் பெட்டி சத்தம் வருகிற மாடி எது என்று பூக்கடையில் கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

நான் ஒரு கல்லூரியில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், பல வருடமாக. பி.ஏ. இசை படிக்கிற பிள்ளைகளை வீட்டில் சாதகம் பண்ண வைப்பது எப்படி என்பதுதான் இத்தனை வருடமும் என் தலைவலி. திட்டியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், அந்தக் காலத்து வித்வான்கள் விடியற்காலையில் எழுந்து பாடிய கதையெல்லாம் அவிழ்த்துவிட்டிருக்கிறேன். ஒரு வருடம் சாதகக் குறிப்பேடு போட்டு, தினமும் எத்தனை நிமிடம் பாடினாய் என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா என்றேன். மாதக் கடைசியில் பார்த்தால் முப்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, சில பக்கத்தில் மை காய்வதற்குள் புரட்டிய கறைகூட எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் அப்படி. கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, குறிப்பேட்டை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தைத் தேடி நான் போனதற்குக் காரணம் ஒரு மாணவி. வியாசர்பாடியிலிருந்து வருகிறாள், நல்ல குரல், மேலே தார ஸ்தாயியில் கண்ணாடி மாதிரி நிற்கும், கீழே இறங்கினால் காற்றுதான் வரும். மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்வரங்களில், சாதகம் பண்ணு, காலையில் எழுந்ததும் பண்ணு என்று ஒரு செமஸ்டர் முழுக்கச் சொன்னேன். தலையை ஆட்டுவாள், செய்ய மாட்டாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து சொன்னாள்: "மேம், அப்பா நைட் ஆட்டோ ஓட்டறாரு. காலைல அஞ்சு மணிக்குத்தான் வந்து படுப்பாரு. எங்க வீடு ஒரே ரூம்."

இதைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது என்பதுதான் வெட்கம். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், "ஏன் பண்ணலை" என்று இல்லை, "எங்கே நின்று பாடுவாய்" என்று. ஹாஸ்டல் பிள்ளைக்கு அறையில் மூன்று பேர். அடுக்குமாடிப் பிள்ளை வாயைத் திறந்தால் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து "பாப்பா, சினிமாப் பாட்டு ஒண்ணு பாடேன்" என்று குரல் வருமாம். அதிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. நன்றாகப் பாடுவதை யார் கேட்டாலும் பரவாயில்லை, ஆனால் சாதகம் என்பது நன்றாக வராததைத் திரும்பத் திரும்பப் பாடுவது. பதினெட்டு வயதில் அதை நாலு பேர் காதில் விழப் பாட யாருக்கு மனசு வரும்? சோம்பேறிகளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை.

சரி, இடத்துக்கு வருவோம். இது முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அக்காவே நடத்தியது. கம்ப்யூட்டர் வந்து கூட்டம் தேய்ந்ததும், யந்திரங்களை விற்றுவிட்டுக் கூடத்தை நாலாகத் தடுத்துவிட்டார். தடுப்பு வெறும் பிளைவுட்தான். அதன் மேல் பழைய பஞ்சு மெத்தையை உறை பிரிக்காமல் அப்படியே நிறுத்திக் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார், மேலே தென்னை நார் விரிப்பு. பார்க்க அழகாக இல்லை. ஆனால் வேலை செய்கிறது: பக்கத்து அறையில் பாடுகிறார்கள் என்று தெரியும், என்ன பாடுகிறார்கள் என்று தெரியாது. இதுதான் சரியான அளவு என்று எனக்குப் படுகிறது. சுத்தமாகச் சத்தமே கேட்காத ஸ்டுடியோ அறையில் தனியாக நின்று பாடிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இங்கே மெத்தைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜீவனும் ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு தெம்பு.

அறைக்குள் ஒரு பாய், ஒரு மின் சுருதிப் பெட்டி, சுவரில் கடிகாரம், இரண்டு கிண்ணம், ஒரு கிண்ணத்தில் பத்துப் புளியங்கொட்டை. மொபைல் உள்ளே போகக்கூடாது. வாசலில் நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் வைத்திருக்கிறார், அறைக்கு ஒரு அடுக்கு, போனை அதில் போட்டு மூடிவிட வேண்டும். சுருதி ஆப் போனில்தானே இருக்கிறது என்று பிள்ளைகள் வாதாடினார்கள். இலவசமாகவே நல்ல தம்புரா ஆப்கள் கிடைப்பது உண்மைதான், நானே வீட்டில் பயன்படுத்துகிறேன். ஆனால் சுருதி கேட்கிற அதே பெட்டிக்குள் வாட்ஸ்அப்பும் இருந்தால் எது ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

புளியங்கொட்டைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வரியை ஒருமுறை பாடினால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. பத்தும் போனால் அந்த வரி முடிந்தது. இது அக்காவின் டைப்ரைட்டிங் புத்தி. "எனக்கு ராகம் தாளம் தெரியாது. ஏ எஸ் டி எஃப் தெரியும். ஒரு வரி பத்து தடவ அடிக்காம அடுத்த வரிக்குப் போகவிட மாட்டேன்" என்றார். பாட்டில் முதல் பாடமான சரளி வரிசைக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? எல்லோரும் ஒரே மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கி, மூன்று காலம், அதாவது மூன்று வேகத்தில், பாடி, விரலுக்குப் பதில் குரலைப் பழக்குகிறோம்.

"ஒரு மணி நேரம் சாதகம் பண்ணு" என்று சொல்லி அனுப்பினால் பிள்ளைக்கு எதைத் தொடுவது என்றே தெரியாது என்பதைக் கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். தனக்கு நன்றாக வருகிற கீர்த்தனை ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை பாடிவிட்டு எழுந்துவிடுவாள். அது சாதகம் இல்லை, தனக்குத் தானே கச்சேரி. இப்போது நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். மந்தர ஸ்தாயியில் நீள ஸ்வரம் பத்து நிமிடம், ஜண்டை வரிசை (ஸ்வரங்களை இரட்டித்துப் பாடுவது) ஒன்றே ஒன்று மூன்று காலம், மோகன வர்ணத்தில் முக்தாயி ஸ்வரம் இரண்டாம் காலத்தில் சறுக்குகிற அந்த ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) மட்டும் பத்துக் கொட்டை, கடைசி பத்து நிமிடம் உன் இஷ்டம். இந்தக் கடைசி பத்து நிமிடத்துக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டுதான் பாடுகிறார்கள், பாடட்டுமே.

அக்காவைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் 700 ரூபாயில் 600 அவருக்குத்தான் தகும். அறுபத்தேழு வயது. வாசலில் மோடா போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பக்கத்தில் பழைய இன்ஸ்டிடியூட் வருகைப் பதிவேடு, லோயர், ஹையர் என்று டைப்பிங் பரீட்சை வாரியாகப் பத்தி பிரித்த அதே நோட்டு. வருகிறவர் தன் கையால் நேரம் எழுத வேண்டும். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லமாட்டார். ஒரு நாள் விட்டு மறுநாள் போனால் மட்டும் தலையை நிமிர்த்தாமல், "நேத்து வரலையே?" என்பார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, கீரைக்கட்டு எவ்வளவு என்று கேட்கிற மாதிரி.

அந்தக் கேள்விக்கு என்ன சக்தி என்று எனக்கே தெரிந்தது பன்னிரண்டாம் நாள். பிள்ளைகளை அனுப்புமுன் நானே ஒரு மண்டலம், 48 நாள், காலை ஐந்தரை மணிக்குப் போவதென்று பணம் கட்டியிருந்தேன். பதினோராம் நாள் போகவில்லை. ஒரு காரணமும் கிடையாது, மழை லேசாகத் தூறியது, போர்வை கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் அவர் கேட்டார். நான், நாற்பத்தொன்பது வயது, இரண்டு பட்டம், "லேசா காய்ச்சல் அக்கா" என்றேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பேனாவை எடுத்து நேரம் எழுதினேன், கை கொஞ்சம் நடுங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை, பொய் சொல்ல இன்னொரு தெம்பு இல்லை.

இப்போது குறைகள். சின்னக் குறைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். மூன்றாவது அறைக்கு நேர் கீழே காபிக்கொட்டை அரைக்கிற கடை, ஏழு மணிக்கு மெஷின் போட்டால் அது தனிச் சுருதி, கிட்டத்தட்ட நம் சுருதிக்குப் பக்கத்தில் வந்து அபஸ்வரமாக நிற்கும், பைத்தியம் பிடிக்கும். மூன்றாவது அறை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது அறைச் சுருதிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு கரகரக்கிறது. மின்விசிறி மெதுவாகவே ஓடும், சாயங்காலம் நாலு மணிக்கு அறை அடுப்பு மாதிரி இருக்கும். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதால் வண்டி நிறுத்த இடம் தேடிக் கால் மணி நேரம் போகும். பறக்கும் ரயிலில் வந்து திருமயிலையில் இறங்கி நடப்பது உத்தமம்.

பெரிய குறை அந்த நட்சத்திரப் பலகை. இதை அக்காவின் பேரன் விடுமுறைக்கு வந்தபோது ஏற்பாடு செய்திருக்கிறான். வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் வந்த நாளுக்கு ஒரு நட்சத்திரம், ஒரு நாள் விட்டால் வரிசை முழுக்க அழிக்கப்பட்டு மறுபடி பூஜ்ஜியம். முதல் பத்து நாள் பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடினார்கள், நானும் பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம் என்ன நடந்தது என்றால், பத்தொன்பது நட்சத்திரம் வைத்திருந்த ஒரு பிள்ளை தொண்டை வீங்கி, விழுங்க முடியாமல், வெந்நீர் பாட்டிலோடு வந்து நிற்கிறாள். "பாடவேண்டாம்டி, வீட்டுக்குப் போ" என்றால், "மேம், நட்சத்திரம் போயிடும்" என்கிறாள்.

வயலின் என்றால் விரல் வலியோடு போகும். குரல் அப்படி இல்லை. ஐந்தரைக் கட்டை சுருதியில் ஒரு பெண் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தை, அதாவது நடு 'ஸ'வை, பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 208 முறை மோதிப் பிரிகின்றன. இருபது நிமிடம் அந்த ஒரே ஸட்ஜத்தைப் பிடித்தால், மூச்சு வாங்குகிற நேரம் போகவே இரண்டு லட்சம் மோதல் தாண்டும். வீங்கிப்போன நாணை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா? நான் மாணவியாக இருந்தபோது செய்தேன். பிராக்டிகல் தேர்வுக்கு முந்தைய வாரம், செமஸ்டர் முழுக்கப் பாடாததை எல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டுவதாக நினைத்து, சளியோடு தினமும் நாலு மணி நேரம் தார ஸ்தாயியில் 'ஆ' என்று அகாரம் பிடித்தேன். தேர்வன்று குரல் காற்றாகப் போய்விட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் மூன்று வாரம் வாயைத் திறக்காதே என்றார், வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பால் பாக்கெட் எத்தனை என்பதைக்கூட எழுதித்தான்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்பது உண்மையும் இல்லை. லண்டனில் ஒரு பல்கலைக்கழகக் குழு 96 பேரை வைத்துப் புதுப் பழக்கம் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டது. பழக்கம் தானாக வர நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக ஒன்றும் கெடுக்கவில்லை. இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப பலகைய எடுத்துடவா?" என்றார். எடுத்துடுங்க என்றேன். பேரன் கோபித்துக்கொள்வான் என்று இன்னும் எடுக்கவில்லை, ஆனால் உடம்பு சரியில்லாமல் விட்டால் அழிப்பதில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேர்ந்துவிடலாம் என்று ஒரு கணக்கு பிள்ளைகள் வாயில் அடிக்கடி வருகிறது. அது 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதே கட்டுரையில் இருக்கிற இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: நன்றாக வாசித்தவர்கள் ஒரேயடியாக உட்கார்ந்து வாசிக்கவில்லை, ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுத்தி ஓய்வெடுத்தார்கள், மத்தியானம் தூங்கவும் செய்தார்கள். தூங்குகிற பகுதியை மட்டும் சொன்னால் வகுப்பில் கைதட்டல் வருகிறது. பாடுகிறவர்களுக்கு நான் ஒன்றரை மணிகூடச் சொல்லமாட்டேன். முதல் வருடப் பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிடம், பத்து நிமிடம் சும்மா, மறுபடி இருபத்தைந்து. ஒரு மணி நேர வாடகைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொரு சம்பவம், குறை என்று சொல்வதா தமாஷ் என்று சொல்வதா தெரியவில்லை. பெரம்பூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறாள், தனியாக வெஸ்டர்ன் குரல் வகுப்புக்கும் போகிறாள். அவள் அறைக்குள் போய் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை விட்டு குமிழ் வருகிற மாதிரி ஊதிக்கொண்டே ஸ்வரம் இழுத்திருக்கிறாள், அப்புறம் உதட்டைத் தளர்த்தி பிர்ர்ர் என்று மேலேயும் கீழேயும் போயிருக்கிறாள். அக்கா கதவைத் தட்டி, "விளையாடறதுன்னா பீச்சுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். நான் போய் விளக்க வேண்டியதாயிற்று: வாயைப் பாதி அடைத்துப் பாடும்போது காற்றின் அழுத்தம் திரும்பி வந்து குரல்நாண்கள் முரட்டுத்தனமாக மோதாமல் தாங்கும், குரல் சிகிச்சை செய்கிறவர்களே இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பாட்டில மட்டும் பாய்ல சிந்தாம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். இப்போது கர்நாடக சங்கீதப் பிள்ளைகளில் இரண்டு பேர் அவளைப் பார்த்து ஸ்ட்ரா வாங்கி வைத்திருக்கிறார்கள். நானும்தான்.

நான் அனுப்பியது ஆறு பேர். நாலு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி தாம்பரத்திலிருந்து வருகிறவள், பயணத்திலேயே களைத்துப்போனாள், அவளைக் குறை சொல்லமாட்டேன், மாதம் 700ம் பஸ் காசும் எல்லோருக்கும் சும்மா வருவதில்லை. இன்னொருத்தி வந்து மூன்று நாளில் நின்றுவிட்டாள், எனக்குப் பாடப் பிடிக்கவில்லை மேம், வீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்றாள். அதுவும் ஒரு பதில்தான். எந்த அறையும் அதைத் தீர்க்காது.

வியாசர்பாடிப் பிள்ளை கல்லூரி விட்டதும் நாலு மணிக்கு வருகிறாள். முப்பதாவது நாள் வாக்கில் நான் வெளியே உட்கார்ந்து கீரைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஸட்ஜத்திலிருந்து கீழே நிஷாதம், தைவதம், பஞ்சமம். பஞ்சமத்தில் வழக்கம்போலக் காற்று. நின்றாள். டக் என்று ஒரு கொட்டை விழுகிற சத்தம். மறுபடி. காற்று. டக். ஆறாவது கொட்டைக்கோ ஏழாவதுக்கோ கரகரவென்று, கதவுக்கீல் மாதிரி, பஞ்சமம் வந்தது. அரை நொடி இருக்குமா, அவ்வளவுதான். உள்ளே சத்தம் இல்லை. அப்புறம் தனக்குத்தானே "ஹே" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார், நான் கீரையைப் பார்த்தேன்.

யாருக்கு இந்த இடம் சரிவரும்? வீட்டில் இடமில்லாதவர்களுக்கு, ஆள் இல்லாத அறையில் போனை நோண்டுகிறவர்களுக்கு, எதைப் பாடவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு டீச்சர் இருப்பவர்களுக்கு. பாட்டு சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்து வராதீர்கள். மிருதங்கம், தவில் அனுமதி இல்லை, கீபோர்டு ஹெட்போனோடு என்றால் உண்டு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது அந்தப் பலகைக்காக.

டிசம்பரில் வேறு கதை. மார்கழிக் கச்சேரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மொத்தமாக அறைகளைப் பிடித்துவிடுவார்கள், மாணவர்களுக்கு இடம் கிடைக்காது, அதற்கு அக்காவோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். நவம்பரிலேயே பணம் கட்டி வையுங்கள். நாலாவது அறை, சாயங்காலம் 4 மணி, அதை மட்டும் கேட்காதீர்கள், பிப்ரவரி வரை எங்கள் பிள்ளைக்கு எழுதியாயிற்று.